கிணற்றடிக் கல்லில் நான் போட்ட துளை

என்னிடம் ஒரு நாளும் தோற்க மறுத்த என் அன்புச் சம்பந்தி ரீச்சருக்கு,

முதலில் பிள்ளைகளின் வெற்றிகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். என்னைச் சுகமா என்று கேட்பது எப்போதும் மூன்றாவதாகத்தான் வரும்.

மூத்தவன் பிரசாந் சோதனையெல்லாம் பாஸ் பண்ணி, துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வந்து கட்டுகிற இழுவைப் படகில் எஞ்சின் பார்க்கிறான். வெள்ளைச் சப்பாத்தோடு போய்க் கறுப்புச் சப்பாத்தோடு வருகிறான். கடல் பழக்கம் எங்கள் பக்கத்து இரத்தம், அதில் நீங்கள் பங்கு கேட்க ஏலாது. சின்னவன் கீர்த்தன் பேச்சுப் போட்டியில் மாகாணத்தில் முதலாம் இடம். அந்த வாய் உங்கள் பக்கத்து வாய்தான், நான் மறுக்கவில்லை.

நடுவிலாள் துவாரகா கம்பஸ் முடித்துப் பட்டமும் எடுத்துவிட்டாள். புவிச்சரிதவியல். கல்லையும் மண்ணையும் பற்றிய படிப்பு. ஆராய்ச்சிப் புத்தகம் எழுதி, கேள்வி கேட்டவர்களுக்கு நின்று பதில் சொல்லி, மேலே படிக்கவும் இடம் கிடைத்துவிட்டது. இவள் யார் பக்கம் என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் இவ்வளவு காலமும் வழக்கு. இந்தக் கடிதமும் அந்த வழக்கைப் பற்றியதுதான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் மகன், என் மருமகன், உங்களுடைய ஐந்தாம் ஆண்டு நினைவுக்குச் சின்னதாக ஒரு புத்தகம் அடிக்கிறார். முப்பத்தோராம் நாள் அடித்த கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தில் உங்களிடம் படித்தவர்கள் எல்லாரும் எழுதினார்கள். அதிபர் எழுதினார், டொக்டர் எழுதினார், கனடாவிலிருந்தும் எழுதி அனுப்பினார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்தவள் என்ன எழுதுவாள் என்று நினைத்திருப்பார்கள். நான் அந்தப் புத்தகத்தை இரண்டு தரம் முழுக்க வாசித்தேன். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் சிலருக்குத் தெரிந்தது.

இந்த முறை மருமகன் வந்து, “மாமி, நீங்களும் ரெண்டு வரி எழுதுங்கோவன்” என்றார்.

“ரெண்டு வரியோ? எழுதத் துவங்கினா நான் நிப்பாட்டமாட்டன் தம்பி, சொல்லிப்போட்டன்” என்றேன்.

இப்போது நான் உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். இறக்கக்கண்டியில் இருக்கிற என் வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்லி மகள் வசந்தி அழைத்து வந்துவிட்டாள். உங்கள் அறைதான் எனக்கு. உங்கள் கதிரை, உங்கள் கண்ணாடி அலுமாரி, உங்கள் யன்னல். யன்னலால் பார்த்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் தெரிகிறது. தெருவில் திரிகிற மான்கள் முன்னைவிட மோசம் ரீச்சர். கேற்றைத் திறந்துவைத்தால் உள்ளே வந்து உங்கள் செவ்வரத்தைப் பூச்செடி முழுவதையும் மொட்டை அடித்துவிடுகின்றன. நான் விளக்குமாற்றை எடுத்தால், “அம்மா, பாவம்” என்கிறாள் வசந்தி. செவ்வரத்தை பாவமில்லையோ?

கட்டிலுக்கு நேரே சுவரில் உங்கள் படம். நாற்பது வயசில் ஸ்ரூடியோவில் எடுத்தது, கைக்கடிகாரம் தெரிகிற மாதிரிக் கையை மடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். தலையில் ஒரு நரை இல்லை. நான் எழும்பியதும் முதலில் பார்ப்பது அந்த முடியைத்தான். இந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இப்போது கல்லுக்கு வருவோம்.

வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளிப்பு, கரைவலை இழுக்க ஏலாத நாட்கள். வசந்தி அப்போது கைப்பிள்ளை. நான் விறகுக்குக் கடல் ஒதுக்கிய கட்டைகளைப் பொறுக்கப் போனேன். இறக்கக்கண்டிக் கரையில் நுரை முழங்காலளவுக்கு ஒதுங்கிக் கிடந்தது. அந்த நுரைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கல், என் உள்ளங்கையளவு. எடுத்தால் பாரமே இல்லை. திரும்ப அலையில் எறிந்தேன். அது தாழவில்லை. வாத்துக்குஞ்சு மாதிரி மிதந்து என் காலடிக்கே வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, உடைந்த குடையின் கம்பி ஒன்றை எடுத்து, ஓரத்தில் திருகித் திருகித் துளை போட்டேன். என் வீட்டுக்காரர் மீன்பிடிக்க வைத்திருந்த தங்கூசி நூலில் ஒரு முழம் வெட்டிக் கோத்து, கிணற்றடியில் ஒரு ஆணியில் தொங்கவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குதிக்கால் எல்லாம் அந்தக் கல்லில்தான் தேய்ந்தது. உப்பளத்தில் வேலைக்கு நின்று வெடித்த என் பாதம் பிள்ளையின் பாதம் மாதிரி ஆனது. வருகிறவர்கள் கேட்டால், “கடல்நுரை. நுரை காஞ்சு கல்லாகினது” என்று சொல்வேன். எனக்கு அது அவ்வளவுதான்.

துவாரகாவுக்கு எட்டு வயசு. கோயில் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் நீங்கள், போன இடத்தில் நின்றுவிட்டீர்கள்.

“என்ன சம்பந்தி இது?”

“கடல்நுரை, ரீச்சர். குதிக்கால் தேய்க்கிற கல்லு.”

நீங்கள் சிரித்தீர்கள். பற்கள் முழுவதும் தெரியச் சிரித்தீர்கள். “நுரை எங்கயாவது கல்லாகுமோ? கடல்நுரையெண்டு மருந்துக்கடையில விக்கிறது கணவாய் மீன் ஓடெல்லோ. இது எரிமலைக் கல்லு சம்பந்தி. உந்தப் பிள்ளைக்கு உப்பிடிப் பிழையாச் சொல்லிக் குடுத்துப்போடாதேங்கோ.”

பிள்ளை உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எரிமலையோ அப்பம்மா? நெருப்பு வாறதோ? எங்கட கிணத்தடிக்கு எப்பிடி வந்தது?” என்றாள். அவள் கண்ணை நான் பார்த்தேன். எத்தனை வருடம் என் கல்லைப் பக்கத்தில் வைத்துக் குளித்த பிள்ளை! ஒரு தரமாவது என்னிடம் அப்படிக் கேட்டாளா?

நான் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து நூலை அறுத்தேன். “எரிமலைக்காரியின்ட கல்லு எரிமலைக்காரியிட்டயே இருக்கட்டும். இந்தாங்கோ” என்று உங்கள் கையில் வைத்தேன்.

கோபத்தில் கொடுத்தேன் ரீச்சர். “சீ, வேண்டாம் சம்பந்தி, உங்கட கல்லு” என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் சந்தோஷமாக வாங்கிக் கைப்பையில் போட்டீர்கள். அடுத்த முறை நான் இங்கே வந்தபோது, கழுவித் துடைத்து வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடி அலுமாரியில் நடுத்தட்டில் வைத்திருந்தீர்கள். நான் சந்தையில் ஒரு பிளாஸ்ரிக் பிரஷ் வாங்கிக்கொண்டேன். அது குதிக்காலுக்குச் சரிவரவில்லை.

அதற்குப் பிறகு சனி ஞாயிறு என்றால் பிள்ளை உங்களோடுதான். இறக்கக்கண்டிக்கு வந்தாலும் அப்பம்மா அப்படிச் சொன்னவ, இப்படிச் சொன்னவ என்றுதான் கதை. ஒரு நாள் கன்னியாவுக்கு அழைத்துப்போனேன். அங்கே வெந்நீர்க் கிணற்றைக் காட்டி, “இஞ்ச பார், உன்ர எரிமலை கீழ கிடக்கு” என்றேன். எனக்கும் ஏதாவது தெரியும் என்று காட்டத்தான். “இல்ல அம்மம்மா, அப்பம்மா சொன்னவ, இலங்கையில எரிமலையே இல்லையாம். மழைத்தண்ணி ஆழத்துக்குப் போய்ச் சூடாகி வருதாம்” என்றாள். அதே கன்னியாவில்தான் உங்கள் அந்தியேட்டிக் கிரியையும் நடந்தது. அன்றைக்கும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது, மன்னியுங்கள்.

நீங்கள் போன பிறகு துவாரகா அந்தக் கல்லைத் தன்னோடு கம்பஸுக்குக் கொண்டுபோனாள். கடைசி வருட ஆராய்ச்சிக்கு அதையே எடுத்தாள். லீவுக்கு வந்தபோது கட்டு கட்டாகக் கடதாசி. முழுவதும் ஆங்கிலம். “அம்மம்மா, இது மட்டும் தமிழ். வாசியுங்கோ” என்று முதல் பக்கத்தைத் திறந்து தந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தேன்.

“எனக்கு முதல் கல்லைக் கையில் தந்த அப்பம்மாவுக்கு.”

அந்தப் புத்தகம் முழுவதிலும் என்னால் வாசிக்க முடிந்த பக்கம் அது ஒன்றுதான். அதிலும் நீங்கள்தான் இருந்தீர்கள்.

“வடிவா இருக்கு பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். வெங்காயம் உரிக்காமலே கண்ணில் தண்ணீர் வந்தது.

பின்னேரம் அவளே வந்தாள். முகம் வாடியிருந்தது. கல்லில் ஒரு சிக்கலாம். எனக்கு விளங்காதென்று சொல்லாமல் எனக்கும் சொன்னாள், அது அவள் நல்ல குணம். அது உங்கள் பக்கமா என் பக்கமா என்று இப்போது கேட்கமாட்டேன்.

“அம்மம்மா, கடலுக்கு அடியில இருக்கிற தரை சும்மா கிடக்கிறேல்ல. மெல்ல மெல்ல நகர்ந்து, சில இடத்தில பக்கத்துத் தரைக்குக் கீழ இறங்குது. இறங்கேக்க தண்ணியையும் கொண்டு போகுது. அந்தத் தண்ணி ஆழத்தில வெளியேறி மேல இருக்கிற சூடான பாறையில படேக்க, பாறை கொஞ்சம் உருகிக் குழம்பாகுது.”

“தண்ணி பட்டாக் கல்லு உருகுமோ? இறுகத்தானே வேணும்?”

“அங்க உருகும். தண்ணி சேர்ந்தாக் குறைஞ்ச சூட்டிலயே உருகும். பிறகு அந்தக் குழம்பு மேல வந்து ஒரு இடத்தில தங்கி ஆறத் துவங்கும். ஆறேக்க எல்லாம் ஒண்டாக் கட்டியாகாது. இரும்பு கூடின பாரமான பளிங்குதான் முதல்ல கட்டியாகிக் கீழ தாழும். அது போக மிஞ்சின குழம்பு வேற குழம்பு. அதில இரும்பு குறைவு, மணல் சத்து கூட. இன்னும் கொஞ்சம் ஆற வேற ஒண்டு கட்டியாகும், மிச்சம் இன்னும் மாறும்...”

“உப்பளம்” என்றேன் நான்.

“என்ன அம்மம்மா?”

“உப்பளம் பிள்ளை. நிலாவெளி உப்பளத்தில நான் எத்தினை வருசம் நிண்டனான். கடல்தண்ணியை முதல் பாத்தியில விட்டால் உடன உப்பு வராது. முதல்ல சுண்ணாம்பு மாதிரி ஒரு பொருக்குத்தான் அடியில படியும். அதை அங்க விட்டிட்டுத் தண்ணியை அடுத்த பாத்திக்கு மாத்தோணும். அங்கதான் உப்பு விளையும். உப்பை வாரின பிறகு மிஞ்சிற தண்ணி கசக்கும், வாயில வைக்கேலாது. வந்தது ஒரே கடல்தான். எது முதல்ல படிஞ்சது எண்டதிலதான் மிச்சம் என்னெண்டு இருக்கு.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கொப்பியை எடுத்து எழுதினாள். எழுதினாள் ரீச்சர்! நான் சொன்னதை! “எங்கட கம்பஸ் சேர் இதைக் கனநாளா விளங்கப்படுத்தினவர் அம்மம்மா. நீங்கள் ஒரு நிமிசத்தில சொல்லிப்போட்டீங்கள்” என்றாள். நான் ஒன்றும் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் தேங்காய் துருவினேன். உங்களுக்கு உப்பளம் தெரியாது. வெள்ளைச் சேலையோடு அந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டீர்கள்.

“அப்ப இந்தக் கல்லு?” என்று கேட்டேன்.

“இது கடைசியா மிஞ்சின குழம்பு. கசப்புத் தண்ணி மாதிரி எண்டு வையுங்கோவன். அது சீனிப்பாணி மாதிரிக் கட்டியா இருக்கும். உள்ளுக்க இருக்கிற காற்றும் நீராவியும் வெளிய வர ஏலாமக் கிடந்து, மேல வந்து அமுக்கம் குறைஞ்சவுடன, சோடாப் போத்தில் மூடியைத் திறந்த மாதிரிப் பொங்கி வெடிக்கும். பொங்கின நுரை அப்பிடியே காற்றில ஆறிக் கண்ணாடியா இறுகிப் போகும். அதுதான் மிதக்குது.”

என் கை நின்றுவிட்டது. “என்ன சொன்னனி? நுரையோ?”

“ஓம், நுரைதான். இதுக்குப் பேரே நுரைக்கல்.”

நுரை காய்ந்து கல்லானது. நான் சொன்னதுதானே ரீச்சர்? கடல்நுரை இல்லை, அது என் பிழை. நெருப்பின் நுரை. ஆனால் நுரை நுரைதானே? பற்கள் முழுவதும் தெரியச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

அந்தச் சந்தோஷத்தில் அவள் சிக்கலை மறந்தே போனேன். அவள்தான் திரும்பச் சொன்னாள். கல்லில் ஒரு துண்டை உடைத்து மாவாக்கி, எதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்களாம். எல்லாம் சரியாம், இரும்பு மட்டும் கணக்குக்கு மேலே நிற்கிறதாம். கடைசியாக மிஞ்சிய குழம்பில் அவ்வளவு இரும்பு இருக்கக் கூடாது. முதலில் தாழ்ந்துபோன இரும்பு எப்படித் திரும்பி வந்தது? கீழேயிருந்து இன்னொரு கறுப்புக் குழம்பு வந்து கலந்திருக்குமோ என்று அதற்கு ஒரு அத்தியாயமே எழுதிக்கொண்டிருந்தாள்.

“துண்டை எந்தப் பக்கத்தில உடைச்சனி?”

கல்லை எடுத்துக் காட்டினாள். “இந்த ஓரத்தில. இஞ்ச ஒரு பெரிய துளை இருக்கு, காற்று வெளியேறின வழி. அதில லேசா உடைஞ்சது.”

காற்று வெளியேறின வழி! ரீச்சர், அது நான் குடைக்கம்பியால் போட்ட துளை. எத்தனை வருடம் துருப்பிடித்த ஆணியில், ஈரத்தோடு ஈரமாகத் தொங்கிய துளை.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் முதல் பக்கம் கண்ணுக்குள் நின்றது. முதல் கல்லைக் கையில் தந்த அப்பம்மா. சரி, அப்பம்மாவின் கல், அப்பம்மாவின் இரும்பு. எனக்கென்ன? அப்படித்தான் நினைத்தேன். நாலு நாள் பேசாமல் இருந்தேன். பிள்ளை சூடை மீன் பொரியலைத் தொடவில்லை. சேரோடு போனில் கதைத்துக் கதைத்துக் குரல் அடைத்துப்போனது. என்னுடைய ஒரு குடைக்கம்பிக்காக, பூமிக்குள் இல்லாத ஒரு குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவம் பார்த்து வாய் திறந்தேன் என்று எழுதத்தான் ஆசை. அப்படி இல்லை. நாலாம் நாள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அவள் ஒரு வசனம் சொன்னாள். “அப்பம்மா இருந்தாக் கேட்டிருக்கலாம். அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவ்வளவுதான். “அவவுக்குத் தெரிஞ்சிராது!” என்று கத்திவிட்டேன். “உன்ர அப்பம்மாவுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது! அந்தத் துளை நான் போட்டது. இறக்கக்கண்டிக் கிணத்தடியில. அது என்ர கல்லு!”

வசந்தி கரண்டியோடு குசினியிலிருந்து ஓடிவந்தாள். “அம்மா, என்ன கதை இது? செத்த மனிசியோடயுமோ போட்டி?”

“போட்டியில்ல, உண்மை. பிள்ளை, உன்ர பூதக்கண்ணாடியை எடு. துளைக்கு உள்ளுக்க வளைஞ்சு வளைஞ்சு கீறு இருக்கும் பார். குடைக்கம்பியைத் திருகித் திருகித்தான் இறக்கினனான். மற்றப் பக்கம் வரேக்க ஒரு சில்லுத் தெறிச்சது, அந்த வடுவும் இருக்கும்.”

அவள் யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். வசந்தியின் கரண்டியிலிருந்து குழம்பு நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“துரு” என்றாள். “அம்மம்மா, உள்ளுக்க துரு இருக்கு. கீறும் இருக்கு.” பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கதிரையில் விழுந்து சிரித்தாள். “எங்கட சேருக்கு நான் என்னெண்டு சொல்லுவன்? குடைக்கம்பியெண்டோ?”

“குதிக்கால் எண்டும் சொல்லு. எத்தினை வருசத்துச் சவுக்காரமும் அதில இருக்கு.”

சிரித்து முடிந்த பிறகுதான் கேட்டாள். “நாலு நாளா ஏன் சொல்லேல்ல அம்மம்மா?”

கறி அடிப்பிடிக்கிறது என்று எழும்பிப் போய்விட்டேன். அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் புத்தகத்தை அவளும் வாசிப்பாள் என்று தெரியும். வாசிக்கட்டும்.

கம்பஸுக்குத் திரும்பிப் போனதும் கல்லின் மற்றப் பக்கத்தில், உள்ளேயிருந்து ஒரு துண்டை வாளால் அறுத்து எடுத்தாளாம். உங்கள் கல்வெட்டு தாளில் அடித்தது. இதுதான் உண்மையான கல்வெட்டு என்று நினைத்துக்கொண்டேன். அன்று பின்னேரமே போன் வந்தது. “இரும்பு இறங்கிட்டுது அம்மம்மா! இப்ப எல்லாம் ஒரு கோட்டில வந்து நிக்குது!” இல்லாத குழம்பின் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டாளாம். கல்லின் குணத்தைப் பார்த்தால், கிழக்கே கடலுக்கு அங்கால் இந்தோனேசியாப் பக்கத்து மலை ஒன்றின் பிள்ளையாக இருக்கலாமாம். எந்த மலை என்று அடித்துச் சொல்ல ஏலாதாம். மிதந்து மிதந்து இறக்கக்கண்டிக்கு வந்திருக்கிறது.

ஒரு படமும் அனுப்பினாள். கல்லைத் தலைமயிரைவிட மெல்லிசாகச் சீவி, நுணுக்குக்காட்டியில் வைத்து எடுத்தது. பளிங்கு மாதிரிச் சுவரும் இடையிடையே ஓட்டையும். எனக்கு வலைக்கண் மாதிரி இருந்தது. எங்கள் கரைவலையை வெயிலில் விரித்து, கீழே படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய செய்தி இனித்தான். ஆராய்ச்சிப் புத்தகத்தில், கல்லை விபரிக்கிற இடத்தில், ஒரு வசனம் புதிதாகச் சேர்த்திருக்கிறாள். ஆங்கிலத்தில்தான். எனக்காகத் தமிழில் ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னேன். இதோ, எழுத்துப் பிழையில்லாமல் பார்த்து எழுதுகிறேன்:

“மாதிரியின் ஓரத்திலுள்ள துளை இயற்கையானதன்று. அது என் அம்மம்மாவால் குடைக்கம்பி கொண்டு இடப்பட்டது. துளைக்கு அண்மைய பகுதி பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை.”

விளங்குகிறதா ரீச்சர்? உங்களுக்கு முன்பக்கம், எனக்கு உள்பக்கம். சோதிக்க வந்தவர்கள் முன்பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள். என் துளையை வாசித்தே ஆக வேண்டும். வாசித்தார்கள். கேள்வி கேட்ட அன்றைக்கு முதல் கேள்வியே அதுதானாம். கண்ணாடி போட்ட பெரிய பேராசிரியர் ஒருவர், “குடைக்கம்பி எண்டு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாராம். “போட்ட ஆளையே கேட்டனான்” என்றாளாம் இவள். எல்லாரும் சிரித்தார்களாம்.

“முன்பக்கத்தை மாத்தட்டோ அம்மம்மா? உங்கட பேரைப் போடட்டோ?” என்றும் கேட்டாள். நான் எதிர்பார்த்த கேள்வி. பதிலை ஒரு கிழமையாக ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். ஓம் என்பதுதான் அந்தப் பதில். ஆனால் வாயில் வேறு வந்தது.

“வேண்டாம். அப்பிடியே இருக்கட்டும்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? நீங்கள் எதிரே நின்று, “என்ன சம்பந்தி, கேட்டு வாங்கினீங்களோ?” என்று குத்தலாகச் சிரிக்காவிட்டால் வாங்கி என்ன பிரயோசனம்? வாய் திறக்காத ஆளிடமிருந்து பறித்தால் அது வெற்றியா? இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சத்தமாகச் சொல்லமாட்டேன், எழுதத்தான் முடியும். அந்தக் கல் எத்தனை வருடம் என் கிணற்றடியில் கிடந்தது. எங்கேயிருந்து வந்தாய் என்று நான் அதை ஒரு நாளும் கேட்கவில்லை. நீங்கள் கால் கழுவ வந்த இடத்தில் கேட்டீர்கள். நான் கொடுத்தது குதிக்கால் கல். அவளுக்குக் கல்லைக் கல்லாகக் கொடுத்தது நீங்கள்தான். இதற்குத்தான் எனக்கு உங்கள்மேல் பொறாமை. முடியில் கொஞ்சம், இதில்தான் மிச்சம் எல்லாம்.

துவாரகா சொன்ன கதையில் எனக்கு ஒரு இடம் மறக்கவில்லை. பாரமானது முதலில் தாழ்ந்துவிடுமாம், மிஞ்சியதுதான் காற்றை அடக்கி வைத்துக்கொண்டு கிடக்குமாம். நீங்கள் போய் ஐந்து வருடம். மிஞ்சியவள் நான். கடைசிப் பாத்தித் தண்ணீர் மாதிரிக் கசந்துகொண்டு, பொங்கிக்கொண்டு இருக்கிறேன். சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் எவ்வளவு நாளைக்குத்தான் அடக்கி வைத்திருக்க முடியும்?

ஒரு சத்தியம் செய்கிறேன். அறுத்து மிஞ்சிய கல்லை அடுத்த லீவுக்குக் கொண்டுவருகிறாளாம். அதை உங்கள் அலுமாரியில் நடுத்தட்டில், அதே வெள்ளைத் துணியில் வைப்பேன். குதிக்காலில் தேய்க்கமாட்டேன். துளைப் பக்கம் மட்டும் முன்னுக்குப் பார்த்தபடி இருக்கும், அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது.

இனி அந்த முறைப்பாடு. இந்தப் புத்தகத்துக்கும் அதே ஸ்ரூடியோப் படத்தைத்தான் போடுகிறார்கள். நான் மருமகனிடம் சண்டை பிடித்துப் பார்த்தேன். “வேற நல்ல படம் இல்ல மாமி” என்கிறார். எனக்கு எழுபத்தைந்து முடிகிறது. பல் போய்விட்டது, முதுகு வளைந்துவிட்டது, தலையில் மிஞ்சியது ஒரு பிடி பஞ்சு. நீங்கள் மட்டும் நாற்பது வயசில் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். இது நியாயமா? நீங்கள் இருக்கிற இடத்தில் ஒரு தபால் கந்தோர் இருந்தால், இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடுங்கள் ரீச்சர். நரையோடு எடுத்தது அனுப்புங்கள். பக்கத்தில் என் படத்தையும் மாட்டிவிட்டு, ஒரு நாளாவது சரிக்குச் சமனாக இருந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
துளை போட்டவள்,
உங்கள் சம்பந்தி,
துவாரகாவின் அம்மம்மா.